டாக்டர் சொன்னதில் பாதி

அந்த யோசனை எனக்கு எக்கோ அறையில்தான் வந்தது.

என் மகன் எபியின் நெஞ்சில் ஜெல்லைத் தடவியிருந்தார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி ஒரு குளிர்ச்சி. ஐந்து மாதப் பிள்ளை வீறிட்டு அழ வேண்டும். அவனுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. இரண்டு தரம் சிணுங்கிவிட்டு ஓய்ந்துபோனான். அவன் கால்கள் இரண்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வீட்டுச் சாவிக்கொத்தை அவன் கண்ணுக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தேன். திரையில் சிவப்பும் நீலமும் பொங்கிப் பொங்கி அடங்கின.

டாக்டர் ஒரு மராத்திப் பெண். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இந்தியில் சொன்னார், இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே இருந்த சின்ன ஓட்டை தானாகவே மூடிவிட்டது என்று.

அவ்வளவுதான். இதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த நொடியே தோன்றிவிட்டது. மைக், என் பச்சைப் புடவை, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதுவரை எல்லாம் வந்துவிட்டது. நான் எப்போதுமே அவசரக்காரி.

டாக்டர் அதற்குள் மீதியையும் சொல்லி முடித்திருந்தார். கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கிற பெரிய ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அது தானாக மூடாது. பிள்ளை ஆறு கிலோ ஆனதும் ஆப்பரேஷன். அதுவரை காலையும் மாலையும் கொடுக்கிற மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது.

இதையும் நான் கேட்டேன். காதில் விழவில்லை, இந்தி புரியவில்லை என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தாராவி. செம்பூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறவள். எபி பிறந்ததிலிருந்து லீவில் இருக்கிறேன், அவ்வளவுதான். இதயத்தின் நாலு அறைகளையும் போர்டில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வலது பக்கம் நீல சாக்பீஸ், இடது பக்கம் சிவப்பு சாக்பீஸ்.

சனிக்கிழமை வேலை

எங்கள் சபை ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், குர்லா, பாண்டுப் என்று எங்கெங்கிருந்தோ ரயில் பிடித்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மைக்கில் வந்து சொல்லலாம். வேலை கிடைத்தது, விசா வந்தது, டைபாய்டு போனது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் பின்னால் மெதுவாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கேட்கிறவர்கள் ஆமென் சொல்வார்கள்.

பாதிப் பேருக்கு மைக்கைக் கண்டால் பேச்சு வராது. மீதிப் பாதிக்கு வந்தால் நிற்காது. முழங்கால் வலி போனதைச் சொல்ல வந்த ஒரு சித்தி, மருமகள் குழம்பில் உப்புப் போடுகிற லட்சணம்வரை போய்விட்டார். அன்றைக்குத்தான் பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். பேச வருகிறவர்களை முதல் நாளே பார்த்துக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் கொடு என்றார். நான் தமிழ் எழுதப் படித்ததே அந்த மாடியில் நடந்த ஞாயிறு பள்ளியில்தான். அந்த நன்றியும் உண்டு, ஆர்வமும் உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் இதுதான் என் வேலை.

அவர்கள் சொல்வார்கள், நான் எழுதி மூன்று நிமிடத்துக்குச் சுருக்குவேன். முதலில் கஷ்டம். அப்புறம் டாக்டர் கைவிரித்தது. அப்புறம் ஜெபம். அப்புறம் அற்புதம். நடுவில் தின்ற மாத்திரை, போட்ட ஊசி, ஏற்றிய குளுக்கோஸ் எல்லாவற்றையும் நான்தான் வெட்டுவேன். 'சுருக்கமா இருக்கட்டும் சித்தி' என்பேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

அடுத்தவர்கள் கதையில் இத்தனை மாத்திரைகளை வெட்டிய கைக்கு, என் கதையில் ஓர் ஓட்டையை வெட்டுவது கஷ்டமாகவே இல்லை.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. விசுவாச அறிக்கை என்போம். இனிமேல் நடக்க வேண்டியதை, நடந்துவிட்டதாகவே வாயால் சொல்வது. அதைக் கேலிசெய்ய நான் இதை எழுதவில்லை. எபியை முதன்முதலில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெளியே வராந்தாவில் நின்ற நாட்களை நான் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தாண்டினேன். ஆனால் நான் மைக்கில் பேசிய அந்த ஞாயிறு அது எனக்கு விசுவாசம் இல்லை. சாக்கு.

ஸ்வெட்டர்

இதற்கு முன்பும் பொய் சொல்லியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எபி பிறந்து மூன்றாவது வாரத்தில் கவனித்தேன். பால் குடிக்கும்போது அவன் நெற்றி மட்டும் வியர்க்கும். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். அவன் நாலு வாய் உறிஞ்சுவான், விட்டுவிடுவான், ரயிலைப் பிடிக்க ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குவான், மறுபடி நாலு வாய். எனக்குப் பால் போதவில்லை என்றார் மாமியார். அப்படி இருந்தால் தேவலையே என்று நானும் நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் நாள் கேட்ட கேள்விகளில் ஒன்று, சொந்தத்தில் கல்யாணமா என்பது. என் கணவர் சாம் என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை மகன். எங்களுக்கு அது முறை. வெளியே மாப்பிள்ளை பார்த்திருந்தால்தான் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் "நஹி" என்றேன். சாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரிஷ்தே மே ஹை", சொந்தம்தான் என்று டாக்டரிடம் திருத்தினார். அவர் எழுதிக்கொண்டார். அதனால்தான் இது வந்தது என்று யாரும் சொல்லவில்லை. யார் பிள்ளைக்கும் வரலாம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பேனா ஓடிய சத்தம் எனக்கு வீடுவரை கேட்டது.

அதற்கப்புறம் நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால், விலா எலும்பு தெரியாமலிருக்க அவனுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுவேன். மும்பை வெயிலில் கம்பளி ஸ்வெட்டர். அவர்கள் போகும்வரை அவன் உள்ளே வெந்துகொண்டிருப்பான். சளி பிடிக்கக் கூடாதென்று, என்பேன். அறிவுள்ள அம்மா என்று மெச்சிவிட்டுப் போனவர்கள்கூட உண்டு.

நோயைச் சொல்ல வெட்கப்பட்டவளுக்கு, நோய் போய்விட்டது என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

மைக்

எபிக்கு இருதயத்தில் ஓட்டை என்றார்கள், ஆப்பரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்றார்கள், நாங்கள் முழங்காலில் நின்றோம், இந்த வாரம் எக்கோ எடுத்தபோது ஓட்டை மூடிவிட்டது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். இதுதான் நான் பேசியதன் சாரம்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அந்த வகைச் சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் மூடிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். யாரோ எபியை என் கையிலிருந்து வாங்கி உயர்த்திக் காட்டினார்கள். ஸ்வெட்டரோடு. சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

சாம் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். நைன்டி ஃபீட் ரோடு திரும்புகிறவரை எபியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அப்புறம் கேட்டார்.

"பெரிய ஓட்டைய எங்கட்டி விட்ட?"

"அதுவும் மூடிரும் அத்தான். விசுவாசத்துல சொன்னேன்."

"ரெண்டு கேபிள்ல ஒண்ணு சரியாயிட்டுன்னு நான் லிப்ட்ல ஆள ஏத்துனா, பில்டிங் சொசைட்டிக்காரன் என்னைய எங்க ஏத்துவான் தெரியுமா?"

"உங்களுக்கு எல்லாமே லிப்டுதான்."

"ஆமா. அதுல விழுந்தா ஆளு சாவான்லா, அதான்."

நான் கோபித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வீட்டில் மருந்து கொடுப்பது திருட்டு வேலை ஆகிவிட்டது. குணமான பிள்ளையைத் தூக்கிப் பார்க்க தினமும் யாராவது வந்தார்கள். மருந்துப் பாட்டிலை முகப்பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சாயந்திரம் ஆறு மணிக்கு ஆள் இருந்தால், துணி மாற்றுகிற சாக்கில் அவனைக் குளிக்கிற மோரி பக்கம் தூக்கிக்கொண்டு போய் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரம் விடுவேன். ஒரு நாள் வந்தவர்கள் எழவே இல்லை. ஆறு மணி மருந்து எட்டு மணிக்குப் போனது. அப்போதும்கூட எனக்குப் புத்தி வரவில்லை.

பாண்டுப்பிலிருந்து வந்தவள்

சாட்சி சொல்லி ஒரு மாதம் இருக்கும். சாயந்திரம் ஆறு மணி. வீட்டில் யாருமில்லை என்று நிம்மதியாகச் சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் குங்குமம், கையில் சாத்துக்குடிப் பை. மறு கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பெண் குழந்தை.

அவள் பெயர் முத்துலட்சுமி. ஊர் தென்காசிப் பக்கம். கணவனுக்குக் குர்லாவில் வெல்டிங் பட்டறையில் வேலை. வீடு பாண்டுப்பில். நான் பேசிய அன்று பக்கத்துவீட்டுக்காரி ஒருத்தி இவர்களைச் சபைக்கு அழைத்து வந்திருந்தாளாம்.

"கடைசி வரிசையில இருந்தோம்க்கா. நாங்க கோயிலுக்குப் போற ஆளுகதான். ஆனா பிள்ளைக்குன்னா எங்கயும் போவோம்லா. இவளுக்கும் அதே இருதயந்தான். நீங்க பேசுனதக் கேட்டு இவிய அப்பா அழுதுட்டாவ. அவிய அழுது நான் பாத்ததே இல்ல."

குழந்தையின் பெயர் தர்ஷினி. எங்கள் சந்து முனையிலிருந்து வீட்டு வாசல்வரை நடந்து வந்திருக்கிறாள். ஐம்பதடி இருக்குமோ என்னவோ. வாசற்படிக்கு வந்ததும் அம்மா கையை விட்டுவிட்டு, முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

"அவ அப்படித்தான்க்கா. கொஞ்சம் நடந்தா உக்காந்துக்கிடுவா. பொறவு தானா எந்திரிச்சிருவா."

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஐந்து மாதம் உட்கார்ந்தவளுக்கு அந்த உட்கார்வு தெரியும். வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும் டாக்டர்கள் கேட்பார்கள், நடந்தால் பிள்ளை குந்தி உட்காருகிறதா என்று. ஆமாம் என்றால் அந்த ஃபைல் அவசரம் என்று தனியாகப் போகும். எபிக்கு இருப்பது வேறு, இது வேறு. இது சின்ன ஓட்டையும் இல்லை, தானாக மூடுகிற ஓட்டையும் இல்லை.

ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"போன திங்கக்கெழம வந்து சேரச் சொன்னாவ. போவல. உங்க பிள்ளைக்கு மூடுச்சுல்லா, இவளுக்கும் மூடிரும்னு இவிய அப்பா சொல்லிட்டாவ. ஆஸ்பத்திரில இருந்து ரெண்டு தடவ போன் வந்துச்சு. எடுக்கல."

அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கீபோர்டு இல்லை, கைதட்ட ஆள் இல்லை. வாயைத் திறந்தால் போதும்.

அவள் என் கையைப் பார்த்தாள். "அது என்ன மருந்துக்கா?"

"வைட்டமின்" என்றேன்.

சபையில் சொன்னதற்காவது மேடை, கூட்டம் என்று ஏதாவது காரணம் காட்டலாம். இதற்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனால் வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரில் இந்த வாரம் இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது இன்னொரு வைட்டமின்தான்.

தர்ஷினி எபி நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று முத்துலட்சுமி கேட்டாள். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். பிள்ளை எழுந்து வந்து தன் கையை எபியின் நெஞ்சில் வைத்தது. நகங்கள் நீலம் பாரித்து, விரல்நுனி உருண்டையாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"உள்ள பூன இருக்கும்மா."

முத்துலட்சுமி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பெரிய ஓட்டை வழியாக ரத்தம் பாய்கிற அதிர்வு அது. உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமுவதுபோல்தான் இருக்கும். தினமும் குளிப்பாட்டும்போது நான் தொடுகிறதுதான். மூன்று வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. நான் சாத்துக்குடியை வாங்கிவைத்துக்கொண்டு, அவள் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, அவர்களை வழியனுப்பினேன்.

பட்டறைச் சத்தம்

சாம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வைட்டமின் என்றதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் கிரீஸ் போகவில்லை, அதோடேயே, "நம்பர் இருக்குல்லா, போடு" என்றார்.

மறுமுனையில் எடுத்தது தர்ஷினியின் அப்பா. இன்னும் பட்டறையில்தான் இருந்தார். கிரைண்டர் சத்தம் வந்தது. என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். எபிக்கு ஓட்டை இன்னும் இருக்கிறது, ஆப்பரேஷன் இருக்கிறது, நான் சொன்னது பொய், உங்கள் பிள்ளையை நாளைக்கே கொண்டுபோங்கள்.

அவர் வெளியே வந்திருக்க வேண்டும். சத்தம் குறைந்தது.

"டீச்சர், பிள்ள நெஞ்சக் கீறணும்னு சொன்ன நாள்ல இருந்து எனக்குச் சோறு எறங்கல. நீங்க பேசுன அன்னைக்குத்தான் தின்னேன். அதப் புடுங்காதீங்க."

நான் பேசியது பொய்தான் என்று மறுபடியும் சொன்னேன்.

"முந்நூறு பேரு முன்னால ஒண்ணு சொன்னீங்க. இப்ப எனக்கு மட்டும் போன்ல ஒண்ணு சொல்லுதீங்க. நான் எத நம்ப? யாரும் மெரட்டுனாங்களா?"

இல்லை என்றேன்.

"பொய்னா, அங்கன சொன்னத அங்கனயே வந்து சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? மைக்கில் கொடுத்ததைப் போனில் எப்படித் திருப்பி வாங்க முடியும்?

மறுநாள் காலை பாஸ்டர் ஐயாவைப் பார்க்கப் போனேன். மாடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை அடுக்கிய நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். என்னைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ பேசுனதுக்கு மொத ஆமென் நாந்தாம்மா சொன்னேன்" என்றார். "ஆஸ்பத்திரிச் சீட்டக் கொண்டா பாப்போம்னு கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு."

சிலர் மனம் உடைவார்கள், சிலர் என்னை ஏசுவார்கள், அதற்குத் தயாராக வா என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கும் முன்னாலேயே என்னைப் பேசவிடுவதாகச் சொன்னார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, கீபோர்டு வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஞாயிறும் திங்களும்

இதை வியாழக்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன். எபி பக்கத்தில் தூங்குகிறான். ஸ்வெட்டர் இல்லை.

பேச வேண்டியதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் பழைய மாதிரியே வந்தன. முதலில் கஷ்டம், அப்புறம் கண்ணீர், கடைசியில் நான் நல்லவள். முந்நூறு முகங்களைப் பார்த்ததும் இதையும் ஒரு நல்ல சாட்சியாக மாற்றிவிடுவேனோ என்பதுதான் எனக்குப் பயம். ஏச்சுக்குக்கூட அவ்வளவு பயமில்லை.

அதனால் ஐந்தே வாக்கியம். பிள்ளைக்கு இரண்டு ஓட்டை. சின்னது மூடியது, பெரியது மூடவில்லை. தினமும் இரண்டு வேளை மருந்து கொடுக்கிறோம். ஆப்பரேஷன் செய்யப்போகிறோம். தெரிந்தே உங்களிடம் மாற்றிச் சொன்னேன். ஆறாவது வாக்கியத்துக்கு நான் வாயைத் திறந்தால் மைக்கைப் பிடுங்கிவிடுமாறு சாமிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே நிற்கிறேன் என்றிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலும் கேட்டுவிட்டேன். தேதி தவறிப்போனாலும் பிள்ளையைக் கொண்டுவந்தால் பார்ப்பார்களாம். திங்கட்கிழமை காலையில் வந்து சீட்டுப் போட வேண்டும். முத்துலட்சுமிக்கு இதைச் செய்தியாக அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவள் கணவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கெல்லாம் வரிசையில் போய் நிற்கப் போகிறேன். எபியை சாம் பின்னால் கொண்டுவருவார். எனக்கு முன்னால் ஓர் இடம் பிடித்து வைப்பேன், தர்ஷினிக்கு. நகரச் சொல்லிச் சத்தம் போடுவார்கள், போடட்டும். அவர்கள் வராவிட்டால் புதன்கிழமையும் ஓ.பி. உண்டு. அன்றைக்கும் பிடிப்பேன்.